ஈரத்தரை அண்ணாச்சி

எங்கள் அறிமுகமே தண்ணீரில்தான் நடந்தது. சிவகாசியில், சாத்தூர் ரோட்டோரம் இருந்த அவருடைய ஒர்க்‌ஷாப்பு முன்னால் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வண்டியின் சத்தத்தை அவரும் கேட்டு ரசிக்கட்டுமே என்று, அணைத்த எஞ்சினை இன்னொரு தடவை உதைத்தேன். வண்டி 'டப்'பென்று பேக் அடித்தது. கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு சின்ன நீலத் தீ நாக்கை நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு முழுப் பானைத் தண்ணீர் என் உச்சந்தலையில் தொடங்கி, சட்டை, பேண்டு, சீட்டு, எஞ்சின் என்று ஒன்றையும் விடாமல் விசாரித்துவிட்டு மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

"வாங்க தம்பி. வண்டில என்ன வேலை?" என்றார் அவர், வெறும்பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. மன்னிப்பு கிடையாது, துடைக்கத் துண்டு கிடையாது. கோயிலுக்கு வந்தவனுக்குத் தீர்த்தம் கொடுத்து அனுப்பின அர்ச்சகர் முகம்.

எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு அண்ணாச்சி மேல்தான் விழ வேண்டும். அத்தனை அண்ணாச்சிகளில் அடையாளம் தெரிவதற்காக இவரை ஈரத்தரை அண்ணாச்சி என்றார்கள். உள்ளே காலை வைத்தால் காரணம் தெரிந்துவிடும். செருப்பு சேற்றில் நின்றுவிடும், கால் மட்டும் தனியாக வரும். ஒர்க்‌ஷாப்பின் மண்தரை எந்நேரமும் நனைந்தே இருந்தது. ஒரு வண்டியைத் தொடுமுன் தண்ணீர் தெளிப்பார். தொட்ட பிறகும் தெளிப்பார். வாசலில் ஒரு மண்பானை, உள்ளே மூலைக்கு ஒரு மண்பானை, கூரைக் கம்பில் சொட்டிக்கொண்டிருக்கும் ஈரச் சாக்கு. வருகிறவன் யாரானாலும், போலீஸ்காரரே ஆனாலும், வாசல் பானையில் கையை முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மெக்கானிக் ஆவதற்கு முன்னால் அவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் இருந்தவர். எங்கள் பக்கம் மருந்து என்றால் பாட்டிலில் வருவதில்லை, வெடிப்பது. அங்கே தரையை ஈரமாக வைத்திருப்பார்கள். தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு நுழைவார்கள். இரும்புச் சாமானை உள்ளே விடமாட்டார்கள். எல்லாம் ஒரு பொறி பறந்துவிடக் கூடாதே என்றுதான். ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு மோட்டார் வேலைக்கு வந்தார். வேலையைத்தான் விட்டார், மருந்து ரூமை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், "அங்கன நமக்குச் சரிப்படல" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவருக்கு இடது புருவம் கிடையாது. அந்த இடத்தைப் பார்த்துவிட்டால் நமக்கும் மேலே கேட்கத் தோன்றாது.

அவருடைய ஸ்பேனர்கள் பித்தளை. திருப்புளியும் பித்தளை. பாத்திரப் பட்டறையில் சொல்லி வார்த்துக்கொண்டவை. பித்தளை வழுக்கும், தேயும். ஒரு நட்டை அவர் கழற்றி முடிப்பதற்குள் வண்டிக்காரன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வரலாம்.

பீடி குடிக்கிறவர்களுக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடி. ஒரு தடவை லாரி டிரைவர் ஒருவர் தெரியாமல் பீடியோடு உள்ளே வந்துவிட்டார். அண்ணாச்சி பீடியை அவர் வாயிலிருந்தே எடுத்து, பானைக்குள் போட்டு, நன்றாக மூழ்கிவிட்டதா என்று குனிந்து பார்த்தார். பிறகு மடியிலிருந்து புதுப் பீடி ஒன்றை எடுத்து டிரைவர் காதில் சொருகினார். "போம்போது அங்கிட்டுப் போயிக் குடிங்க மாமா." பீடியே குடிக்காத மனுஷர், ஊரார் வாயிலிருந்து பிடுங்கிய பீடிக்கு ஈடு கொடுக்கவென்று ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தார். டிரைவருக்குத் திட்டவும் வரவில்லை, நன்றி சொல்லவும் வரவில்லை. காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் எந்த வண்டியிலும் ஏறமாட்டார். ரிப்பேர் முடிந்ததும் நம்மையே ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பானையோடு எட்டி நிற்பார். பஸ்ஸும் கிடையாது. எங்கே போனாலும் நடைதான். "பெட்ரோலுக்கு மேல ஒக்காந்து போறீகளே, ஒங்களுக்கெல்லாம் கொஞ்சங்கூடப் பயமில்லையா?" என்று எங்களைப் பார்த்து நிஜமாகவே ஆச்சரியப்படுவார்.

எனக்குப் பயமா? இல்லாமலா? எனக்கு இருந்த பயத்தை அவருக்குக் கொடுத்திருந்தால் இன்னும் நாலு பானை வாங்கியிருப்பார். என் பயம் தீயைப் பற்றியது அல்ல, கல்யாணத்தைப் பற்றியது.

விஷயம் இதுதான். நான் ஒரு காலண்டர் அச்சாபீசில் ஆர்டர் பிடிக்கிற வேலையில் இருந்தேன். முதலாளி எங்கேயோ மலைமேல் தேயிலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கிளம்பின ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கின வாரமே அதிலிருந்து கீழே விழுந்தார். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "ஏலே, இனிமே இத நீ ஓட்டு" என்று சாவியை என்னிடம் எறிந்தார். மல்லாங்கிணற்றில் மிளகாயும் பருத்தியும் போடுகிற ஒருவர் மாப்பிள்ளை பார்க்க வந்தார். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹாரனை அமுக்கினார். ஊருக்குத் திரும்பிப் போய், "மாப்ள மோட்டார் சைக்கிள்ல போறவுக" என்று சொல்லிச் சொல்லியே நிச்சயம் பண்ணிவிட்டார். தையில் கல்யாணம். ஆக, வண்டி என் கையை விட்டுப் போனால் வேலை சைக்கிளுக்கு இறங்கும். வேலை சைக்கிளுக்கு இறங்கினால் பெண் மல்லாங்கிணற்றிலேயே இருந்துவிடும். வண்டிக்கு முதலாளியின் மச்சினன் வேறு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தான்.

இந்த வண்டியில் ஒரு விசேஷம். மற்ற மோட்டார் சைக்கிள்களுக்குக் காற்றுப் பட்டாலே எஞ்சின் ஆறிவிடும். இதற்குக் கார் மாதிரி முன்னால் ஒரு ரேடியேட்டர், அதிலிருந்து எஞ்சினுக்கு மேலே ஒரு ரப்பர் குழாய், கீழே ஒரு ரப்பர் குழாய், உள்ளே சுற்றிவரத் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதித்து நின்றுவிடும்.

என்னைக் குளிப்பாட்டின அன்று அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பானையைக் கீழே வைத்தார்.

"தண்ணியா? வண்டிக்குள்ளயேவா?"

"ஆமா அண்ணாச்சி."

வண்டியை ஒரு சுற்று வந்தார். ரேடியேட்டரை, பசுவின் கழுத்தைத் தடவுவதுபோலத் தடவினார். "எந்த மகராசன் செஞ்சானோ! பட்டாசு ஊருக்குன்னே செஞ்ச வண்டில்லா இது" என்றார். அன்று பூராவும் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கிளம்பும்போது சொன்னார்: "பேக் அடிக்கிறத அடியோட நிறுத்த முடியாது தம்பி. பழைய வண்டி. காலைல ஜில்லுன்னு இருக்கும்போது ஒரு ஒத அப்பிடித்தான் திருப்பி அடிக்கும். அதுக்கு வேற ஏற்பாடு பண்ணிருக்கேன்."

"என்ன ஏற்பாடு?"

"போயிட்டு வாங்க."

நானும் போய்விட்டு வந்தேன். ஏற்பாடு என்றால் என்ன என்று நின்று கேட்கிற புத்தி இருந்திருந்தால் நான் ஏன் காலண்டர் விற்கிறேன்?

ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து மார்கழிப் பனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி என்பது ஒரு சால்வைக்குக்கூடப் பெறாது. ஆனாலும் காலையில் வண்டியை எடுக்கப் போனால் அடியில் தரை ஈரமாக இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ரயிலில் ஏற்ற வேண்டிய காலண்டர்க் கட்டோடு சாத்தூர் ரோட்டில் பாதி தூரம் போனதும் எனக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரே ஆவி. வண்டி இட்லிக் கொப்பரை மாதிரிச் சீறிக்கொண்டு நின்றது. காலண்டர்க் கட்டைப் பக்கத்துப் பருத்திக் காட்டில் இறக்கிவைத்துவிட்டு, பனையோலைப் பட்டையில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஆறவைத்து, சாத்தூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது திருநெல்வேலி ரயில் போன தண்டவாளம் மட்டும் பளபளவென்று இருந்தது.

முதலாளி பதறாமல் திட்டுவார். அதுதான் பயம். "ஏலே, காலண்டருங்கிறது தேதி கிழிக்கிறதுக்கு. ஒண்ணாந்தேதிக்குப் பெறகு போய்ச் சேந்தா அதுல வடைதான் மடிக்கணும். இன்னொருக்க ரயில விட்டேன்னு வையி, சாவிய எம் மச்சினங்கிட்டக் குடுத்துட்டுச் சைக்கிள மிதி."

மத்தியானம் அண்ணாச்சியிடம் ஓடினேன். "ஒழுகுது அண்ணாச்சி!"

அவர் வழக்கம்போல முதலில் தரைக்குத் தண்ணீர் தெளித்தார். பிறகு வண்டியை அதன்மேல் ஏற்றினார். பிறகு இருவரும் குந்தி உட்கார்ந்து, அந்தச் சேற்றையே உற்றுப் பார்த்தோம்.

"எங்க தம்பி ஒழுகுது?"

தரையெல்லாம் தண்ணீர். அதில் வண்டியின் தண்ணீர் எது, அண்ணாச்சியின் தண்ணீர் எது? குழாய்களைத் தடவிப் பார்த்தேன், சூடாக, காய்ந்து, உத்தமமாக இருந்தன. அவர் பித்தளைத் திருப்புளியை எடுத்துக் கீழ்க் குழாய்ப் பக்கம் ஏதோ திருகினார். "இப்பப் பாருங்க" என்றார். அன்று சாயங்காலம் வரை ஒரு சொட்டு இல்லை. மறுநாள் காலையில் மறுபடி ஈரம். மறுபடி ஓட்டம். மறுபடி மத்தியானம், சேறு, திருப்புளி, "இப்பப் பாருங்க." டாக்டரைப் பார்த்ததும் வயிற்றுவலி நின்றுபோகிற கதைதான். நான் இரண்டு டப்பாத் தண்ணீரை ஹாண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஆர்டர் பிடிக்கப் போனேன். வழியில் டீக்கடைக்காரர், "தம்பி, வண்டிக்குத் தண்ணி மட்டும் போதுமா, ரெண்டு வடையும் வைக்கவா?" என்று கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வயிற்றுக்குள் மல்லாங்கிணற்றுக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் ஒரு குழப்பம். மார்கழி பிறந்ததிலிருந்து அம்மா விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துவிடுவாள். வண்டி நிற்பதோ வாசலில். அந்த ஈரம் வண்டியினுடையதா அம்மாவினுடையதா என்று யாருக்குத் தெரியும்? மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். ரேடியேட்டருக்குள் ஒரு கை மஞ்சள்தூளைக் கொட்டினேன். ஒழுகினால் மஞ்சளாக ஒழுகும், குட்டு வெளிப்படும். காலையில் எழுந்து ஓடினேன். அடியில் பொன்னாக மின்னியது தரை!

"அம்மா! பாத்தியா! வண்டிதான் ஒழுகுது!"

"என்னலே கத்துற? வெள்ளிக்கிழமையாச்சேன்னு நாந்தான் ஒரு சிட்டிகை மஞ்சப்பொடி கலந்து தெளிச்சேன்."

எனக்கு அந்த வாசலிலேயே உருள வேண்டும்போல இருந்தது. கோலம் அழிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்து அச்சாபீசிலிருந்து நீல மசி. எந்தத் தாயும் வாசலுக்கு நீலம் தெளிக்கமாட்டாள் அல்லவா? காலையில் நீலமாகவே ஒழுகியிருந்தது. வெற்றி! ஆனால் எந்த இடத்திலிருந்து? விடியாத இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அரிக்கேன் விளக்கை ஏற்றி வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். அப்போதும் புகைதான் தெரிந்தது. இந்தப் பிரதாபத்தை அன்று மத்தியானம் அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் என் தலையில் ஒரு பானை.

"இப்ப எதுக்கு? இங்க விளக்கு இல்லியே!"

"காலைல ஊத்தியிருக்க வேண்டியது" என்றார். "பெட்ரோல் டேங்கிக்கு அடில வெளக்கு. ஒங்களப் பெத்தவுக இருக்காகளா, இல்லையா?" அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஈரச் சட்டையோடு நான்தான் சமாதானம் பேச வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றியவர் கோபித்துக்கொண்டால் நனைந்தவன் என்ன செய்வது? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வருஷக் கடைசி வந்தது. ஒரு திருநெல்வேலிக் கடைக்காரரின் காலண்டரில் கடைப் பெயரில் ஒரு எழுத்து தப்பி, அது கெட்ட வார்த்தையாகப் போய்விட்டது. ராவும் பகலுமாகத் திரும்ப அடித்தார்கள். அந்தக் கட்டை மறுநாள் காலை ரயிலில் ஏற்றியாக வேண்டும். முதலாளி வேறு ஜோலியாக முந்தின நாளே சாத்தூர் போயிருந்தவர், "ஸ்டேசன்லயே நிக்கேன். நீ வாறியா, ஆவி வருதான்னு பாக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மச்சினனும் கூடப் போயிருந்தான். சும்மா வேடிக்கை பார்க்க என்றார்கள். வண்டிக்குப் போட மாலை வாங்கிக்கொண்டு போயிருப்பான் என்று எனக்குச் சந்தேகம்.

மறுநாள் விடிகிற நேரத்தில்தான் எனக்கு மூளை கொஞ்சம் வேலை செய்தது. வண்டி குளிரில்தான் ஒழுகுகிறது. நானோ அதைச் சுடச்சுட ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். இன்றைக்கு உதைக்கக் கூடாது, ஜில்லென்று தள்ளிக்கொண்டே போய் அவர் முன்னால் நிறுத்த வேண்டும். தள்ளினேன். பின்சீட்டில் காலண்டர்க் கட்டு, ஹாண்டில்பாரில் தண்ணீர் டப்பா. பால்காரர் ஒருவர், "பஞ்சரா தம்பி?" என்றார். "இல்ல, பனி" என்றேன். அவர் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

ஒர்க்‌ஷாப்பு திறந்து கிடந்தது. அண்ணாச்சி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார் போல, இரண்டு பானைகளைக் காணோம், மற்றவை காலி. என் வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தத் தரை காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்திவிட்டு மண்டி போட்டேன். மெல்லிய புழுதி. வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. 'பொத்'தென்று புழுதியில் ஒரு குழி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, அதே இடத்தில் இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தேன். கீழ்க் குழாய். அதை இறுக்கிப் பிடிக்கிற கிளிப்பின் விளிம்பில் ஒரு சொட்டு, மூக்குத்தி மாதிரி, தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆடினதை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை. ஆடி முடிக்கும்போது அண்ணாச்சி வந்துவிட்டார், தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு பானை.

"அண்ணாச்சி! கண்டுபிடிச்சாச்சு! இங்கன பாருங்க, இந்தக் கிளிப்பு!"

அவர் கிளிப்பைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"தெளிக்காத தரைல வண்டிய ஏத்திட்டீகளே தம்பி."

"தரைய விடுங்க அண்ணாச்சி. கிளிப்பு லூஸா இருக்கு!"

"லூஸ் இல்ல. அரைச் சுத்து."

"எது அரைச் சுத்து?"

"நான் வச்சது."

பானைகளை இறக்கிவைத்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார். குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கும், சொட்டும். எஞ்சின் சூடேறினால் விரியும், அடைத்துக்கொள்ளும். வண்டி பேக் அடிப்பது எப்போது? காலையில், ஜில்லென்று இருக்கும்போது. அப்போது அதன் அடியில் தரை ஈரமாக இருக்க வேண்டும். "நீங்க தெளிச்சுட்டு எடுக்கிற ஆளா? இல்ல. அதான் வண்டியே தெளிச்சுக்கிற மாதிரி வச்சு விட்டேன். ஏற்பாடு பண்ணிருக்கேன்னு அன்னைக்கே சொன்னேன்லா?"

"அப்ப நான் தினமும் வந்து கத்தினப்ப?"

"தெனமும் சரியாத்தான் இருக்கான்னு பாத்து, கொஞ்சம் கூடக் கொறைய வச்சு அனுப்பினேன்."

என் நாக்கு மரியாதை இல்லாமல் எழுந்தது. "யோவ், என் கல்யாணம்யா! நடுரோட்டுல கொதிச்சு நிக்கிறேன்யா! ரயில விட்டா வண்டி போச்சு, வண்டி போனா பொண்ணு போச்சு! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லய்யா!"

"சொன்னா முறுக்கச் சொல்லுவீக." சற்று யோசித்தார். "கொதிக்கவா செஞ்சது? ராத்திரிக்கு அரை டம்ளருதான் போகும்னு கணக்கு வச்சேன்."

"ஓடும்போதும் ஒழுகுதுய்யா! எதிர்காத்துல, பனில, கீழ்க் குழாய் சூடே ஆக மாட்டேங்குது!"

"ஓடும்போதுமா?" என்றார். அந்த ஆச்சரியத்தில் கள்ளம் இல்லை. "ஓடும்போது அங்கன எம்புட்டுக் காத்தடிக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ஒக்காந்ததில்லையே."

இப்படிப்பட்ட மனுஷரிடம் ஒருவன் எப்படிச் சண்டை போடுவது? திருப்புளியைக் கேட்டேன். எடுத்தார், கிளிப்பு வரை கொண்டுபோனார், கை நின்றுவிட்டது. திருப்புளியின் காம்பை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நீங்களே முறுக்கிக்கிடுங்க. எங்கையால வேணாம்."

முறுக்கினேன். பித்தளை வழுக்கி என் விரல் முட்டி உரிந்தது. அரைச் சுற்று. மூக்குத்திச் சொட்டு அப்படியே நின்றது, விழவில்லை. ரேடியேட்டரை நிரப்பினேன். உதைக்கக் காலைத் தூக்கினேன்.

"ஒரு நிமிசம் தம்பி."

"ரயிலு அண்ணாச்சி!"

காதில் வாங்கவில்லை. வண்டியைச் சுற்றி, ஒரு சாண் விடாமல், கல்யாண வீட்டுக்குத் தெளிப்பதுபோல நிதானமாகத் தெளித்தார். தெளித்துவிட்டு மற்றப் பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். எனக்குப் பின்சீட்டு ஞாபகம் வந்தது.

"என்ன வேணாலும் நனையட்டும். காலண்டரு மட்டும் நனையக் கூடாது!"

அவர் யோசித்து, பானையை இறக்கி, கட்டை அவிழ்த்து, ரோட்டைக் கடந்துபோய்ப் புளியமரத்தடியில் பீடிக்காரர்கள் உட்காரும் கல்லில் வைத்துவிட்டு, திரும்பி வந்து, பானையை மறுபடி தோளில் ஏற்றினார். அந்த நேரத்துக்குள் எனக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. மீதிதான் பிறகு கொட்டியது.

இந்த இடத்தில்தான் எனக்கு என்னவோ ஆயிற்று. காலைத் தூக்கினவன் கார்புரேட்டர் வாயைப் பார்த்தேன். அதற்கு மேலே பெட்ரோல் டேங்கி. அதற்கு மேலே நான். இத்தனை நாளாக நான் எதன்மேல் உட்கார்ந்து போனேன் என்று முதல்தடவையாகத் தெரிந்தது. அவரைப் பார்த்தேன். பானை தோளில் தளும்பி, தண்ணீர் அவர் கழுத்து வழியாக வழிந்துகொண்டிருந்தது. புருவம் இல்லாத பக்கத்துக் கண்ணை இறுக மூடியிருந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு நானும் உதைத்தேன். வண்டி ஒரு பேச்சும் பேசாமல் கிளம்பிவிட்டது. பேக் இல்லை, ஒன்றும் இல்லை. கட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். வண்டி நின்ற வெற்றிடத்தில் அவர் அந்தப் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ரயில் கிடைத்தது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆவி இல்ல. ஆனா ஒனக்கு ஏம்லே இப்பிடி வேர்த்திருக்கு, மார்கழில?" மச்சினன் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டான்.

தையில் மல்லாங்கிணற்றில் கல்யாணம். மாமனார் பந்தல் வாசலில் என்னை நிறுத்துவதற்கு முன்னால் வண்டியை நிறுத்தி அதற்கு மாலை போட்டார். சிவகாசி மாப்பிள்ளை என்றால் வெடி இல்லாமல் முடியுமா? அச்சாபீஸ் கூட்டாளிகள் பந்தலுக்கு வெளியே நீளமாகச் சரம் விரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். நடந்தே வந்திருக்கிறார், முழங்கால் வரை கரிசல் புழுதி. தோளில் புதுப் பித்தளைக் குடம். எல்லோரும் பரிசுக்குடத்தை வெறுமனேதான் கொண்டுவருவார்கள். இவர் தளும்பத் தளும்ப நிறைத்துக் கொண்டுவந்திருந்தார். சிவகாசியிலிருந்தே நிறைத்துச் சுமந்தாரா, ஊர் எல்லைக் கிணற்றில் நிறைத்தாரா, நான் கேட்கவில்லை.

"நெறகுடத்தோட வாராகளே! எம்புட்டு மங்களம்!" என்று மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் தெரியும் அது எதற்கு வந்த குடம் என்று.

பரிசு வைக்கிற இடத்துக்கு அவர் வரவில்லை. மாலை போட்ட வண்டிக்கும் சரத்துக்கும் நடுவில் குடத்தை வைத்து, அதற்குள் கையை விட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். சரம் வெடித்தது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் காதைப் பொத்தவில்லை. கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. கடைசி வெடி வெடித்துப் புகை கலைந்த பிறகுதான் கையை வெளியே எடுத்தார். மேடைக்கு வந்து அந்த ஈரக்கையாலேயே எங்கள் இருவர் தலையையும் தொட்டார். என் மனைவி நெற்றியில் வழிந்ததைத் துடைக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். ஏதோ கோயில் தீர்த்தம் என்று நினைத்திருக்கிறாள். இன்றுவரை நான் அதைத் திருத்தவில்லை.

சாப்பாடு முடிந்து பெண்ணைப் பின்னால் உட்காரவைத்து ஊருக்குக் கிளம்ப வேண்டும். வண்டியருகே போன மாமனார் திடுக்கிட்டு நின்றார். வண்டிக்கு அடியில் தரை சதசதவென்று நனைந்திருந்தது. குடம் பக்கத்தில் காலியாகக் கிடந்தது, அண்ணாச்சியைக் காணோம்.

மாமனார் என் காதருகே குனிந்தார். "மாப்ளே, வண்டி ஒழுகுதோ?"

மாலையோடு மண்டி போட்டுக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

"இல்ல மாமா" என்றேன். "வாசல் தெளிச்சிருக்கு."